குறுவை வைக்கோல்: டிரம்மா, பொட்டலமா, குவியலா?

குறுவை நெல்லை அறுத்த மறுநாளிலிருந்து எனக்கு நாள் எண்ணும் வேலை தொடங்கிவிடும். மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர். அறுவடை இயந்திரம் போன பிறகு வயல் முழுக்க வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும், அடியில் ஒரு முழ உயரத்துக்குத் தாள் நிற்கும். தாளடி நடவுக்கு இருப்பது பதினைந்து நாள், கூடினால் இருபது. தாளடி என்ற பெயரே அறுத்த தாளின் மேல் நடுகிற பயிர் என்றுதான் சொல்கிறது. அந்த இடைவெளிக்குள் இந்த வைக்கோலுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன் இது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. மாடு இருந்தது, வைக்கோற்போர் போட்டோம். இன்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். டிரம்மில் வெல்லம் கரைத்து நுண்ணுயிர் பெருக்கித் தெளி என்கிறார் ஒருவர். சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து ஊறிய ஜீவாமிர்தம் விடு என்கிறார் இன்னொருவர். வேளாண் விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரப் பொட்டலம் வாங்கு என்கிறார்கள். குவித்து மக்கவை என்று என் தந்தை சொன்னதும் காதில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒவ்வொரு பருவத்தில் செய்து பார்த்துவிட்டேன். இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்குப் பயன்படட்டும் என்று என் கணக்குகளையும் கண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), 1 கிலோ அளவு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும், 40 முதல் 70 கிலோ சிலிக்கானும் இருக்கின்றன. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்தால், அதிலுள்ள பொட்டாசியத்தை உர மூட்டையின் கணக்குக்கு, அதாவது பொட்டாஷாக (K2O), மாற்றும்போது 29 முதல் 41 கிலோ வருகிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருப்பது 30 கிலோ. ஆக, ஒரு ஏக்கர் வைக்கோலை லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷும் சேர்ந்து ஏறுகிறது. வைக்கோலைக் கட்டாகக் கட்டி வாங்கிப்போகும் இயந்திரக்காரர் சொல்லும் விலையைக் கேட்கும்போது இந்த மூட்டையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக விற்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மாடு வைத்திருப்பவருக்குத் தீவனம் வேண்டும், நமக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். ஆனால் குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்துவிடுகிறது. அதை வாங்க ஆள் வருவது குறைவு, வந்தாலும் கேட்பது அடிமாட்டு விலை.

எரிப்பதைப் பற்றி ஒரு வரி போதும். தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போகிறது, மணிச்சத்தில் கால் பங்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கூடவே போகின்றன, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. அது என் பட்டியலில் இல்லை.

மீதி எல்லா வழிகளுக்கும் நுண்ணுயிர்தான் அடிப்படை. இங்கேதான் பலர் குழம்புவதைப் பார்க்கிறேன். மக்க வைக்கும் கூட்டம் வேறு, வேரோடு வாழும் கூட்டம் வேறு. வைக்கோலின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைப்பவை பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள், பூஞ்சை போல இழை விடும் பாக்டீரியாக்களான ஆக்டினோமைசீட்கள், பூஞ்சைகள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் அசோஸ்பைரில்லமும், மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவும் வேரை ஒட்டி வாழ்பவை. பாஸ்போபாக்டீரியாப் பொட்டலத்தை வைக்கோல் மேல் தூவிவிட்டு மக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. எந்த வேலைக்கு ஆள் கூப்பிடுகிறோம் என்பது தெளிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

மக்க வைக்கும் கூட்டத்துக்குத் தேவை தீனி, ஈரம், காற்று, காலம். தீனியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 400 கிலோ கரிமம் இருந்தால் தழைச்சத்து வெறும் 6 கிலோ. ஏறக்குறைய 67-க்கு 1 என்ற விகிதம். நுண்ணுயிர் தடையில்லாமல் பெருக 30-க்கு 1 போல இருக்க வேண்டும். அதாவது டன்னுக்கு 13 கிலோ தழைச்சத்து வேண்டிய இடத்தில் 7 கிலோ குறைகிறது. அந்தப் பற்றாக்குறையை அவை எங்கிருந்தாவது எடுத்தே தீரும். வயலில் போட்டால் மண்ணிலிருந்து எடுக்கும், அதாவது இளம் நாற்றின் வாயிலிருந்து.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வந்த அவசரத்தில், வைக்கோலை அப்படியே ரோட்டாவேட்டர் விட்டு மடக்கி, சேடை கட்டி (தண்ணீர் நிறுத்திச் சேறாக்கி), ஐந்தாம் நாளே நட்டுவிட்டேன். பத்து நாளில் பயிர் மஞ்சளாகிவிட்டது. வயலில் கால் வைத்தால் குமிழி குமிழியாக வந்தது, அழுகிய முட்டை நாற்றம். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்திருந்தது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்று இல்லாமல் வைக்கோல் அழுகினால் கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும்தான் வரும். தண்ணீரை வடித்து, மண்ணைக் காயவிட்டு, மேலுரமாக யூரியா போட்டு ஒருவாறு மீட்டேன். அந்தப் பருவத்தின் மகசூல் திரும்பவில்லை.

அடுத்த வருடம் டிரம் வழி. காசியாபாத்திலுள்ள தேசிய இயற்கை விவசாய மையம் கொண்டுவந்த வேஸ்ட் டீகம்போசர் இன்று ஊர் ஊராகத் தெரிந்த பொருள். நாட்டுப் பசுவின் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்க் கூட்டம், சின்னக் குப்பியில் இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, குப்பியை விட்டு, தினமும் கலக்கிவந்தால் ஐந்தாறு நாளில் தயார். அதில் 20 லிட்டரை எடுத்து வைத்தால் மறுபடி ஒரு டிரம் பெருக்கலாம். செலவு என்று பார்த்தால் வெல்லம்தான். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஒரு ஏக்கரில் பாதிக்குத் தெளித்தேன், பாதிக்குத் தெளிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மடக்கி உழுது, தண்ணீர் தேக்காமல் ஈரம் மட்டும் காத்து, பதினேழு நாள் விட்டேன். நடும்போது இரண்டு பக்கமும் வைக்கோல் ஒரே மாதிரி கறுத்து, கையால் இழுத்தால் அறுந்தது. ஒரே வயல், ஒரே பருவம், கண்ணால் பார்த்த சோதனை என்பதால் இதை வைத்து அந்தக் குப்பியைத் தள்ளிவிட மாட்டேன். எனக்குப் புரிந்தது வேறு: உழவும் காற்றும் ஈரமும் பதினேழு நாளும் சேர்ந்து பெரும்பகுதி வேலையைச் செய்துவிட்டன. தேங்கிய தண்ணீரில் எத்தனை டிரம் ஊற்றியிருந்தாலும் இது நடந்திருக்காது.

புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டீகம்போசரையும் சிலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் பூஞ்சைக் கூட்டம். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்துக் கோதுமை விதைக்கும் நிலத்துக்காக வந்தது, இருபது இருபத்தைந்து நாள் கேட்கும். அங்கே அடுத்த பயிருக்கு வயலில் தண்ணீர் நிற்காது. சேடை கட்டி நடும் நமக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஜீவாமிர்தம் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். அதை நம்பி, இயற்கை வழிக்கு வந்து, நன்றாகப் பயிர் செய்கிறவர்கள் எனக்கு வேண்டியவர்கள். மகாராஷ்டிர இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் பரப்பிய அளவு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். 10 கிலோ சாணத்தில் தழைச்சத்து 50 கிராமைத் தாண்டாது. மாவையும் கோமியத்தையும் சேர்த்தாலும் சில நூறு கிராம்தான். சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ பரிந்துரைக்கிறார்கள். ஆகவே உரம் என்ற கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. நுண்ணுயிர் கொடுக்கிறதே என்பார்கள். அதையும் எண்ணிப் பார்த்தேன்.

ஒரு ஏக்கரின் மேல்மண், உழவு ஆழம் வரைக்கும், சுமார் 900 டன். ஒரு கிராம் மண்ணில் குறைந்தது 10 கோடி பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. டிரம்மில் ஒரு மில்லிக்கு 10 கோடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 200 லிட்டரும் சேர்ந்து மண்ணில் உள்ளதில் நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான். அதுவும் வெல்லத்தைத் தின்று பெருகிய கூட்டம். வைக்கோலைத் தின்னும் கூட்டம் வைக்கோலில்தான் பெருகும். ஜீவாமிர்தம் விடுபவர்களின் வயல் நன்றாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் மூடாக்குப் போடுகிறார்கள், வைக்கோலை வெளியே விடுவதில்லை, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்குகிறார்கள், தினமும் வயலைச் சுற்றி வருகிறார்கள். அந்த வேலைகளுக்குச் சேர வேண்டிய பெருமையை டிரம் வாங்கிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

இதே எண்ணிக்கையை அரசு பரிந்துரைக்கும் பொட்டலத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம். எக்டேருக்கு 2 கிலோ, ஏக்கருக்கு 800 கிராம், நான்கு பொட்டலம். தரக்கட்டுப்பாட்டின்படி கிராமுக்கு 5 கோடி உயிரணு இருக்க வேண்டும். மொத்தம் 4,000 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறது. மண்ணில் உள்ளதோடு ஒப்பிட்டால் இருபத்திரண்டு லட்சத்தில் ஒன்று. ஜீவாமிர்தத்தைவிடக் குறைவு! எருவோடு கலந்து வயலில் வீசினால் அந்தக் கூட்டத்துக்குள் இவை காணாமல் போக எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

ஆனால் பொட்டலத்துக்கு இன்னொரு பயன் உண்டு, அதில்தான் எனக்கு நம்பிக்கை. நாற்றுப் பறித்ததும் வேரை நனைப்பது. ஏக்கருக்கு இரண்டு பொட்டலம், 16 லிட்டர் தண்ணீர், கால் மணி முதல் அரை மணி நேரம். ஒரு ஏக்கரில் இரண்டு லட்சம் குத்து (ஒரே இடத்தில் சேர்த்து நடும் நாற்றுகள்) நடுகிறோம் என்றால் குத்துக்கு ஒரு லட்சம் உயிரணு பங்கு வருகிறது. பாதி தண்ணீரிலேயே தங்கினாலும் ஐம்பதாயிரம், அதுவும் வேரின் மேலேயே. மற்றவை வந்து சேரும் முன் இவை இடம் பிடித்துவிடுகின்றன. புல்லினப் பயிர்களின் வேரில் அசோஸ்பைரில்லம் வாழ்ந்து தழைச்சத்து நிலைநிறுத்துவதை 1970-களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து காட்டிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. நெல்லும் புல்லினம்தானே. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம் என்று இந்த ஒரு வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பொட்டலம் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். நம் பக்கம் பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து வரும் பொட்டலங்களுக்கு ஆயுள் ஆறு மாதம். திரவ வடிவம் அதைவிட அதிக நாள் தாங்கும். நான் ஒருமுறை ஒரு கடையில் வாங்கினேன். தகரக் கொட்டகை, சித்திரை வெயில், பொட்டலங்கள் யூரியா மூட்டையின் மேல் அடுக்கியிருந்தன. தேதி சரியாகத்தான் இருந்தது. உள்ளே உயிர் இருந்திருக்கும் என்று இப்போது நம்பவில்லை. வெயில் படாமல் எடுத்து வந்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, ரசாயன உரத்தோடும் பூஞ்சாண மருந்தோடும் கலக்காமல் பயன்படுத்தினால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு.

இனி குவியல். எனக்குப் பிடித்த வழி இது என்பதை மறைக்கவில்லை, ஆகவே இதன் குறைகளை முதலில் சொல்கிறேன். ஆள் வேண்டும். வைக்கோலை வாரி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும், நனைக்க வேண்டும், இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். இரண்டரை மூன்று மாதம் ஆகும். 2 டன் போட்டால் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்ற பரிந்துரையை உங்கள் வைக்கோலை மட்டும் வைத்து எட்டவே முடியாது. அதனால் மூன்று ஏக்கருக்கும் ஒரே வருடத்தில் செய்ய நினைக்காதீர்கள். நான் ஆண்டுக்கு ஒரு ஏக்கருக்குத்தான் செய்கிறேன்.

செய்யும் விதம் இது. களத்துமேட்டில் நிழல் பார்த்து இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், நீளம் இருக்கிற அளவுக்கு. ஒரு சாண் வைக்கோல், அதன் மேல் சாணக் கரைசல், பச்சிலை, மறுபடி வைக்கோல். பச்சிலைக்குக் கிளிரிசிடியா, கொழிஞ்சி, எருக்கு எது கிடைத்தாலும் சரி. தழைச்சத்துப் பற்றாக்குறையைச் சாணத்தால் மட்டும் தீர்க்க டன் டன்னாகச் சாணம் வேண்டியிருக்கும், இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆகவே பச்சிலையை நம்புங்கள். ரசாயனம் விலக்கல்ல என்பவர்கள் டன்னுக்கு 5 கிலோ யூரியா கரைத்து ஊற்றலாம், வேண்டாம் என்பவர்கள் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையான பயோமினரலைசர் கிடைத்தால் டன்னுக்கு 2 கிலோ, 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்குத் தெளிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய எருக்குழியிலிருந்து நாலு கூடை மக்கிய எருவை இடையிடையே தூவினாலும் வேலை நடக்கிறது. வேஸ்ட் டீகம்போசர் டிரம்முக்கும் பொருத்தமான இடம் இங்கேதான், ஏனென்றால் இங்கே தீனி குவிந்திருக்கிறது, காற்றும் ஈரமும் நம் கையில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் எல்லாம் சரி. 55, 60 டிகிரியில் பேசில்லஸ் வகைகள் செல்லுலோஸை உடைத்துக்கொண்டிருக்கின்றன, கூடவே களை விதைகளும் நோய்க் கிருமிகளும் வெந்துபோகின்றன. சுடவில்லை என்றால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம், உதிர்ந்தால் குறைவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் காற்று புகுந்து மறுபடி சூடேறும். சூடு அடங்கிய பிறகு சாம்பல் பூத்தது போல வெள்ளை இழைகள் தெரியும், அவை ஆக்டினோமைசீட்கள். முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு இவை சுரக்கும் ஜியோஸ்மின் ஒரு காரணம். அந்த வாசனை குவியலிலிருந்து வந்தால் எரு பதமாகிவிட்டது.

இந்த நேரத்தில், முன்னால் அல்ல, அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் கலக்க வேண்டும். சூட்டில் போட்டால் செத்துவிடும். ஆறிய எருவில் கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி, ஒரு வாரம் நிழலில் வைத்தால் வயலுக்குப் போகும் முன்பே பழகிக்கொள்ள அவற்றுக்கு இடமும் ஈரமும் கிடைக்கின்றன. வெறும் மண்ணில் வீசுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

மண்புழு உரத்தைப் பற்றிக் கேட்பார்கள். காய்கறிக்கும் நாற்றங்காலுக்கும் அருமை. நெல்வயலின் அளவுக்குச் செய்ய தொட்டியும் சாணமும் கட்டுப்படியாகாது. தென்னை வைத்திருப்பவர்களின் நார்க்கழிவு தனிக் கதை. அதில் எளிதில் மக்காத லிக்னின் அதிகம், பாக்டீரியாவை மட்டும் நம்பினால் ஆகாது, சிப்பிக் காளான் வித்து போட்டு மக்கவைப்பதுதான் முறை.

ஆக யாருக்கு எது? குறுவை முடிந்து இருபது நாளுக்குள் நட வேண்டும், ஆள் இல்லை என்றால், வைக்கோலில் பாதியையாவது வெளியே எடுத்துவிடுங்கள். மீதியையும் தாளையும் அறுத்த மூன்று நாளுக்குள் மடக்கி உழுது, தண்ணீர் கட்டாமல் ஈரத்தில் குறைந்தது பதினைந்து நாள் விடுங்கள். டிரம் கரைசல் தெளிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பதினைந்து நாள் கிடைக்காது என்றால் முழு வைக்கோலையும் எடுத்துவிடுவதே நல்லது. நடும்போது வேர் நனைப்பதைத் தவறவிடாதீர்கள், எல்லா வழிகளிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவது அதுதான் என்று நினைக்கிறேன்.

தாளடி அறுவடைக்குப் பின் நிலைமை வேறு. நிற்கிற நெல்லில் உளுந்து தெளித்திருப்போம், வைக்கோல் வயலில் கிடந்தால் முளை மூச்சு விடாது. எப்படியும் வெளியே எடுக்க வேண்டிய வைக்கோல் அது, காய்ந்தும் இருக்கும், நல்ல விலையும் போகும். இரண்டு ஏக்கருடையதை விற்றுவிட்டு ஒரு ஏக்கருடையதைக் குவியுங்கள். மாசியில் குவித்தால் வைகாசியில் எரு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், தண்ணீர் வருவதற்குள் வயலில் சேர்த்துவிடலாம்.

குத்தகைக்கு நிலம் எடுத்தவர்கள் குவியலில் இறங்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மூன்று மாத உழைப்பை மண்ணில் போட மாட்டார். அவர்களுக்கு மடக்கி உழுவதும் வேர் நனைப்பதும் போதும், அந்தப் பருவத்திலேயே பலன் தெரியும்.

இந்த முறை குறுவை அறுவடை அன்று மழை வந்துவிட்டது. மேற்குத் துண்டு ஒரு ஏக்கர் வைக்கோலை நனைந்தபடியே மேட்டில் ஏற்றியிருக்கிறோம், நனைக்கும் கூலி மிச்சம். மற்ற இரண்டு ஏக்கரிலும் பாதியை வரப்பில் வாரிப் போட்டுவிட்டு மீதியை மடக்கி உழுதாயிற்று, இன்று ஒன்பதாம் நாள். காலையில் கம்பியை உருவியபோது உள்ளங்கை பொறுக்கவில்லை. நாளை மறுநாள் முதல் புரட்டல், இரண்டு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன்.